எண் விழுந்த தலைமுறையும் எண் விழாத தலைமுறையும்

புனேயின் கோர்படி ராணுவத்தோடு தோள் உரசி வாழும் பகுதி. ஒரு புறம் கண்டோன்மென்ட், மறு புறம் ரயில் பாதையும் டீசல் எஞ்சின் பணிமனையும். பக்கத்திலேயே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. பொதுமக்கள் தந்த நன்கொடையில் எழுந்து 1998இல் திறக்கப்பட்ட போர் நினைவகமும் தொலைவில் இல்லை. தென் பிராந்திய ராணுவத்தின் தலைமையகம் இருக்கும் நகரம் இது. இப்படிப்பட்ட இடத்தில் வளரும் ஓர் இளைஞனுக்கு ராணுவம் பற்றி ஓர் அச்சம் உண்டென்றால், அது பெரும்பாலும் தேர்வாகாமல் போய்விடுவோமோ என்பதுதான்: உயரம் போதாது, மார்பளவு போதாது, வயது வரம்பு தாண்டிவிட்டது. அரசாங்கம் தன் பிறந்த தேதியைக் குலுக்கலில் எடுத்து, விருப்பத்தைக் கேட்காமலே போருக்கு அனுப்பிவிடும் என்ற அச்சம் அவனுக்கு இல்லை. அவன் தந்தைக்கும் பாட்டனுக்கும் இருந்ததில்லை. சுதந்திர இந்தியா ஒருபோதும் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்தியதில்லை. ஆனாலும் 1963 முதல் 1968 வரை இந்தியக் கல்லூரி மாணவர்கள் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு உட்பட்டிருந்தார்கள். அதே பத்தாண்டின் முடிவில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒரு குலுக்கலுக்கு உட்பட்டார்கள். அங்கே அந்த நாள் ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்து அரசியலாகவே மாறியது. இங்கே அந்த ஐந்தாண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டன. இந்த வேறுபாட்டை ஆபத்தின் அளவை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது, ஆள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறையே நினைவின் ஆழத்தையும் திசையையும் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கக் குலுக்கலின் விவரங்களிலிருந்து தொடங்கலாம். 1969 டிசம்பர் 1 அன்று இரவு, வாஷிங்டனில், ஆண்டின் 366 தேதிகளும் தனித்தனி நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் அடைக்கப்பட்டு ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டப்பட்டன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களைப் படைக்கு எடுப்பதற்கான குலுக்கல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நாட்டில் நடந்த முதல் ராணுவக் குலுக்கலும் அதுவே. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பிர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முதல் குப்பியை எடுத்தார். உள்ளே செப்டம்பர் 14 இருந்தது. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு எண் 1. கடைசியாக வந்த ஜூன் 8க்கு எண் 366. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இது நேரடியாக ஒலி, ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டில் 195 வரையிலான எண்கள் அழைக்கப்பட்டன. ஆனால் அன்றிரவு விடுதிகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு அந்த எல்லை தெரியாது. 30 என்றால் நிச்சயம், 340 என்றால் விடுதலை, நடுவில் 150, 200 என்று விழுந்தவர்களுக்கு நீண்ட காத்திருப்பு. அந்த ஜாடிக்கு முன் ஒருவனின் மதிப்பெண், குடும்பம், கருத்து, நடத்தை எதற்கும் பொருளில்லை. பிறந்த தேதிதான் எல்லாம்.

குலுக்கல் என்றதும் தமிழ் வாசகருக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆளெடுத்த விதத்தை விரிவாகச் சொல்கின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். எடுத்த ஓலையை எல்லார் முன்பும் வாசிக்க வேண்டும். கையாடலுக்கு இடமே தராத ஏற்பாடு. ஆனால் அதே கல்வெட்டு, ஓலை குடத்துக்குள் விழுவதற்கு முன்பே வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று தகுதிகளை அடுக்கிப் பெரும்பாலான மக்களை வெளியே நிறுத்திவிடுகிறது. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பதோடு, குடத்துக்குள் யார் பெயர் போடப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற பாடம் அந்தக் கல்லில் இருக்கிறது. 1969இன் ஜாடிக்கும் இது பொருந்தும். கல்லூரியில் படிப்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை விலக்கு தொடர்ந்தது. ஆக, எண் எல்லாருக்கும் விழுந்தது. உடனடியாகப் புறப்பட வேண்டிய நிலை கல்லூரிக்குப் போக முடியாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும்தான் அதிகம் இருந்தது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இந்த விலக்கு 1971இல்தான் நிறுத்தப்பட்டது.

குலுக்கலே நேர்மையாக நடந்ததா என்ற ஐயமும் விரைவில் எழுந்தது. தேதிகளை மாதவாரியாகப் பிரித்து எண்களின் சராசரியைக் கணக்கிட்டவர்கள் திடுக்கிட்டார்கள். எல்லா மாதங்களும் 183ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஜனவரியின் சராசரி 201 ஆகவும் டிசம்பரின் சராசரி 121 ஆகவும் இருந்தன. ஜாடியில் கொட்டுவதற்கு முன் குப்பிகளை மாத வரிசையில் ஒரு பெட்டிக்குள் போட்டவர்கள் அவற்றைப் போதுமான அளவு கலக்கவில்லை. கடைசியில் போட்ட மாதங்கள் முன்னதாகக் கைக்கு வந்துவிட்டன. புள்ளியியலாளர் ஸ்டீஃபன் ஃபீன்பெர்க் 1971இல் எழுதிய கட்டுரை இதை விளக்கமாக எடுத்துக்காட்டியது. 1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலில் தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு இன்னோர் உருளை என்று முறை மாற்றப்பட்டது. ஆனால் முதல் குலுக்கலின் எண்கள் அப்படியே நின்றன. டிசம்பரில் பிறந்த ஒருவனுக்கு இதன் பொருள் என்ன? தன்னைத் தேர்ந்தெடுத்தது விதியல்ல, சரியாகக் கலக்கப்படாத ஒரு பெட்டி என்பது பின்னால் அவனுக்குத் தெரியவருகிறது. அரசின் அலட்சியம் ஒரு தனிமனிதனின் உயிர்மேல் இவ்வளவு நேரடியாக எழுதப்பட்ட சந்தர்ப்பங்கள் குறைவு.

இந்த எண் மனிதர்களை என்ன செய்தது என்பதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது. 1965இல் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த அமெரிக்க மாணவர்களை ஓர் ஆய்வுக் குழு அப்போதே பேட்டி கண்டு, பிறகு 1973, 1982, 1997 ஆகிய ஆண்டுகளிலும் அவர்களைத் தேடிச்சென்று பேசியிருந்தது. அந்தத் தரவுகளில், கல்லூரிப் பாதையில் சென்றதால் 1969 வரை விலக்கில் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ராபர்ட் எரிக்சன், லாரா ஸ்டோக்கர் என்னும் அரசியல் அறிஞர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய எண் விழுந்தவர்கள் போரை அதிகம் எதிர்த்தார்கள், இடதுபுறம் நகர்ந்தார்கள், ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் சாய்வு கொண்டார்கள். குலுக்கலுக்கு முன் அவர்களுக்கு இருந்த கட்சிப் பற்றைக்கூட இந்த எண் பல நேரங்களில் மீறியது. சில விளைவுகள் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் தெரிந்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த ஆய்வு போருக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிடவில்லை, எண்ணை மட்டும் அளந்தது. போர்முனையின் அனுபவம் இல்லாமலே, அழைக்கப்படக்கூடும் என்ற நிலை ஒன்றே ஒருவனின் அரசியலை வளைத்திருக்கிறது. காரணம் தெளிவானது என்று நினைக்கிறேன். தகுதியால் தேர்வான ஒருவனுக்குப் பெருமை கிடைக்கிறது. குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனுக்கு ஒரு காரணமாவது கிடைக்கிறது. எல்லாரோடும் சேர்ந்து அனுப்பப்பட்டவனுக்குத் துணை கிடைக்கிறது. குலுக்கலில் விழுந்தவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. பக்கத்து அறையில் இருப்பவன் தப்பித்தான், நான் மாட்டினேன், ஏன் என்றால் விடை இல்லை. விடை இல்லாத அந்த இடத்தை நிரப்ப, இந்தப் போர் எதற்கு என்ற பெரிய கேள்வியை அவன் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். மாணவர்களுக்குக் கட்டாய தேசிய சேவை என்ற எண்ணம் சீனப் போருக்கு முன்பே இருந்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரிக்குப் போகும் எல்லாரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவும் நடைமுறைச் சிக்கலும் அதைத் தடுத்தன. 1962 அக்டோபர், நவம்பரில் எல்லையில் நேர்ந்த தோல்வி நிலைமையை மாற்றியது. 1948இல் சட்டமியற்றித் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமானது. அதே ஆண்டில், அவசரகால அதிகாரிகளை உருவாக்குவதற்காக இரண்டு பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன: ஒன்று புனேயில், மற்றொன்று சென்னையில். புனேப் பள்ளி விரைவில் மூடப்பட்டது; சென்னைப் பள்ளி பரங்கிமலையில் வளர்ந்து இன்றைய அதிகாரிகள் பயிற்சி அகாடமியாக நிற்கிறது. எனவே 1963ஆம் ஆண்டின் ஒரு புனே மாணவனுக்கோ சென்னை மாணவனுக்கோ முன்னால் இரண்டு வாசல்கள் இருந்தன. மைதானத்தில் காக்கிச் சீருடையில் அணிவகுக்கும் கட்டாய வாசல் எல்லாருக்கும் பொது. அதிகாரியாகிப் போர்முனைக்குப் போகும் வாசலை அவனே தட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு வாசல், அரசு அவன் பெயரைக் குலுக்கி எடுத்து அனுப்பும் வாசல், திறக்கப்படவே இல்லை.

அது திறக்கப்படாததற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. இந்த நாட்டில் ராணுவச் சேவை, அரசு மக்கள்மீது சுமத்திய பாரமாக அல்ல, மக்கள் அரசிடம் கேட்ட உரிமையாகவே நீண்டகாலம் இருந்தது. 1917இன் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் கட்டாயச் சேவையை இங்கிருந்த ஐரோப்பியர்மீதுதான் விதித்தது. இந்தியர்கள் விரும்பினால் சேரலாம் என்றது. புனேயில் இருந்த திலகர், சேருங்கள் என்று இளைஞர்களை ஊக்கினார். ஆனால் இந்தியர்களுக்கு அதிகாரிப் பதவி தர வேண்டும் என்ற நிபந்தனையை விடவில்லை. அந்த வாக்குறுதியை அரசிடம் பெற்றுத் தந்தால் மகாராஷ்டிரத்திலிருந்து 5,000 பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி, பிணையாக 50,000 ரூபாய்க் காசோலையை 1918இல் காந்திக்கு அனுப்பினார். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் கட்டாயச் சட்டம் ஏதுமின்றியே படையில் இருந்தார்கள். வறுமையும் அவர்களைத் தள்ளியது என்பது உண்மை. ஆயினும் ஆள் கிடைக்காத நெருக்கடி இந்திய அரசுக்கு வந்ததில்லை. வராத இடத்தில் ஜாடிக்கும் குடத்துக்கும் வேலை இல்லை.

கட்டாய என்.சி.சி.யின் நினைவு ஏன் கரைந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அது எல்லாருக்கும் விழுந்தது. வெயிலில் நின்றது, பூட்ஸ் கடித்தது, வருகைப் பதிவுக்காக ஓடியது என்று கூட்டாக அனுபவித்த தொல்லை, கூட்டாகவே பழங்கதை ஆகிவிட்டது. யாருக்கும் தனி எண் இல்லை. எனவே யாருக்கும் தனி வழக்கும் இல்லை. 1968இல் அது மீண்டும் விருப்பத் தேர்வானபோதும், அடுத்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோதும், ஒரு தலைமுறை விடுதலை பெற்றது என்று எவரும் எழுதவில்லை. தமிழ்நாடு மட்டும் இதில் மாறுபட்டது. அந்த மாறுபாடு என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அணிவகுப்பின் கட்டளைகள் இந்தியில் இருந்தன. 1965 ஜனவரியில் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்களே, கல்லூரி மைதானத்தில் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற குரலுக்குக் காலை அசைக்க வேண்டியவர்களாகவும் இருந்தார்கள். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பதையும் உள்ளடக்கியிருந்தது. மற்ற மாநிலங்களில் தடமின்றிப் போன ஒன்று இங்கே அரசியல் வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணம் பயிற்சியின் கடுமை அல்ல. தமிழ் மாணவன்மேல் மட்டும் விழுந்த, மற்றவன்மேல் விழாத ஒரு சுமையை அவன் அதில் கண்டான். பாகுபாடாக விழும் சுமைதான் கேள்வியாகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. என்.சி.சி. மாணவன் வியட்நாம் காட்டுக்கு அனுப்பப்படவில்லை. அவன் உயிருக்கு ஆபத்தே இல்லை. இரண்டையும் ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்? ஆபத்து வேறுபட்டது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆபத்து மட்டுமே காரணம் என்றால், ஆபத்தின் கீழ் எல்லாரையும் வைக்கும் நாடுகளிலும் இதே வகை நினைவு உருவாகியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1967 முதல் இளைஞர் அனைவருக்கும் தேசிய சேவை கட்டாயம். தமிழ் இளைஞர்களும் அதில் அடக்கம். அங்கே நிலைப்பது முகாம் நட்பும் சலிப்பும் கலந்த கூட்டு நினைவு, ‘ஏன் நான்?’ என்ற கேள்வி அல்ல. மறுபுறம் மலேசியாவில் 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி மூன்று மாத முகாம்தான், போர் இல்லை. ஆனால் 18 வயதினரைக் கணினி தற்செயலாகத் தேர்ந்தெடுத்தது. தன் பெயர் வந்ததா, தோழன் பெயர் வந்ததா என்ற கேள்வி அங்கே உடனே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1965 முதல் 1972 வரை பிறந்தநாட்களைக் குறிக்கும் கோலிகளை உருளையிலிருந்து எடுத்து 20 வயதினரைத் தேர்ந்தார்கள். எட்டு லட்சத்துக்கும் மேல் பதிந்தவர்களில் 63,735 பேர் சேவை செய்தார்கள், 15,381 பேர் வியட்நாம் சென்றார்கள். பதிந்தவர்களில் மிகச் சிலரே போர்முனை பார்த்தார்கள். ஆனால் கோலி எல்லாருக்கும் உருண்டது.

இரண்டாவது மறுப்பு நினைவின் நம்பகத்தைப் பற்றியது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு முதியவர் அந்த இரவைச் சொல்லும்போது எவ்வளவு நம்பலாம்? உளவியல் இங்கே கடுமையான எச்சரிக்கை தருகிறது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியை 44 பேரிடம் கேட்டபோது, அவர்களில் 11 பேர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் தவறாகச் சொன்னார்கள், அதுவும் உறுதியோடு. விடுதி அறை, உடனிருந்த நண்பன், முதலில் அழுதவன் யார் என்ற காட்சிகளையெல்லாம் இதே ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். ஆனால் குலுக்கலின் சிறப்பு, அது நினைவை நம்பியே நிற்கவில்லை என்பதுதான். பிறந்த தேதி தெரிந்தால் எண் தெரிந்துவிடும்; பட்டியல் பொது ஆவணம். எரிக்சனும் ஸ்டோக்கரும் அந்த இரவைப் பற்றி யாரையும் நினைவுகூரச் சொல்லவில்லை. தேதியையும் பின்னாளைய கருத்தையும் மட்டும் பொருத்திப் பார்த்தார்கள். ஆகவே காட்சி பிழைபட்டாலும் காயம் பொய்யல்ல.

மூன்றாவது மறுப்பு தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமானது, அதை வேகமாகக் கடந்துவிட முடியாது. குலுக்கல் இல்லாமலே கட்டாய ஆள்சேர்ப்பை மறக்க முடியாத தமிழ்த் தலைமுறைகள் ஈழத்தில் இருக்கின்றன. 1989இல், இந்திய அமைதிப்படை வெளியேறும் காலம் நெருங்கியபோது, வடக்கு கிழக்கு மாகாண அரசை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப். உள்ளிட்ட இயக்கங்கள் தமிழ்த் தேசிய ராணுவத்துக்கென்று இளைஞர்களையும் பள்ளி மாணவர்களையும் பிடித்துச் சென்றன. பின்னர் விடுதலைப் புலிகள் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி எடுத்தார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை இவற்றை உயிருக்கு அஞ்சாமல் பதிவு செய்தது. இந்த நினைவு குலுக்கலின் நினைவைவிட ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேறு வகையைச் சேர்ந்தது. பிள்ளையைப் பிடித்தவனுக்கு முகம் உண்டு, அவன் வந்த வாகனத்துக்கு அடையாளம் உண்டு. தாயின் சாபத்துக்குப் போய்ச்சேர ஓர் இடம் உண்டு. குலுக்கலின் கொடுமை அதற்கு முகமே இல்லாததில் இருக்கிறது. குப்பியை எடுத்தவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. கோபம் முழு அரசமைப்பின்மீதும் பரவுகிறது. எரிக்சனும் ஸ்டோக்கரும் கண்டது அந்தப் பரவலைத்தான். இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்: அமெரிக்க மாணவனுக்குத் தன் எண்ணைக் காட்ட ஆவணம் இருக்கிறது, வன்னித் தாய்க்குப் பெரும்பாலும் அது இல்லை. அவளுடைய சொல்தான் ஆவணம். அதைப் பதிவு செய்யும் பொறுப்பு இன்னும் பெரியது.

இந்த விவாதம் பழைய வரலாறு மட்டுமல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 23(2) பிரிவு, பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவையை விதிக்க அரசுக்கு இன்றும் இடம் தருகிறது; மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு கூடாது என்பதே நிபந்தனை. 2018இல் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, அரசு வேலை விரும்புவோருக்கு ஐந்தாண்டு ராணுவச் சேவையைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரை மட்டும் நிலைநிறுத்தும். அதற்கு எழுந்த கொந்தளிப்பு ராணுவத்துக்குப் போகச் சொன்னதால் எழவில்லை, திருப்பி அனுப்புவார்கள் என்பதால் எழுந்தது. தேர்வு தகுதி வழியே நடக்கும் என்கிறது அரசு. நடக்கட்டும். ஆனால் எந்தத் தகுதி, யார் அளப்பது, அளந்த கணக்கை வெளியிடுவார்களா என்பது தெளிவாக இல்லாவிட்டால், வெளியே வரும் நால்வரில் மூவருக்கு அது குலுக்கலைப் போலவே தோன்றும். கட்டாயச் சேவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒழுக்கம், நாட்டுப்பற்று, உடல்நலம் என்று பலன்களை அடுக்குகிறார்கள். யாரை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், யாருக்கு விலக்கு, குடத்துக்குள் யார் ஓலை இருக்காது என்ற கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகே அந்தப் பலன்களைப் பேசும் உரிமை அவர்களுக்கு வருகிறது.

இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1963க்கும் 1968க்கும் இடையில் கல்லூரியில் படித்துக் கட்டாய அணிவகுப்பில் நின்றவர்கள் இப்போது எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். கோர்படி, வான்வடி, கட்கி போன்ற ராணுவப் பகுதிகளில் ஓய்வுபெற்று வாழ்பவர்களிலும் சென்னை, மதுரை, சிதம்பரம் கல்லூரிகளின் பழைய மாணவர்களிலும் அவர்களைத் தேடலாம். அவர்களுடைய வருகைப் பதிவேடுகள், முகாம் புகைப்படங்கள், விலக்குக் கேட்டு எழுதிய கடிதங்கள் இன்னும் சில அலமாரிகளில் இருக்கக்கூடும். புனே, சென்னைப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் தங்கள் மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் அனுப்ப வேண்டும். அணிவகுப்பு எப்படி இருந்தது என்று கேட்பதோடு நில்லாமல், யார் விலக்குப் பெற்றார்கள், எதைச் சொல்லிப் பெற்றார்கள், பெறாதவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு சொல்லையும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.